தணலாகட்டும்: மட்டக்களப்பு, அம்பாறையில் இறைச்சி சுடும் வழக்கமும் அதன் உள்விளக்கமும்

மஃரிப் தொழுகை முடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் காத்தான்குடிப் பிரதான வீதியின் ஓரங்களில், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கால் வைத்து ஒட்டிய இரும்புப் பரல்கள் புகையத் தொடங்குகின்றன. பரலின் வயிற்றில் கரி, அதன் மேல் கம்பி வலை, வலையின் மீது முதுகுப்பக்கம் பிளந்து விரித்த கோழிகள். அடுப்படியில் நிற்பவர் ஒரு கையில் நீண்ட இடுக்கியும் மறு கையில் காட்போட் அட்டைத் துண்டும் வைத்திருக்கிறார். கொழுப்புச் சொட்டிச் சுவாலை எழும்பும் இடத்திலிருந்து கோழியை நகர்த்துவதற்கு இடுக்கி. தணல் மங்கும் இடத்தில் விசிறுவதற்கு அட்டை. கடைப் பலகையில் 'பார்பிகியூ' என்று எழுதியிருக்கிறது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும், வெளிநாட்டவர் அலைச்சறுக்க வரும் அறுகம்பையிலும் இதே சொல்லைக் காணலாம்.

இந்தப் பலகைகளைப் பார்ப்பவர்கள், இறைச்சியைத் தணலில் சுடுவது அண்மையில் வந்திறங்கிய பழக்கம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பரலும் பலகையும் புதியவைதாம். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருளைத் தேடிப்போனால், அது சுட்டிய அமைப்பு, மட்டக்களப்புக் களப்பின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் இன்றும் நிற்பதைக் காண்கிறோம். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாயீனோ மக்கள், கம்புகளைக் கட்டி நிலத்திலிருந்து உயர்த்தி அமைத்த தட்டை 'பார்பக்கோவா' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் அப்பகுதியில் வாழ்ந்து அங்குள்ளவற்றை எழுதி வைத்த ஒவியேதோ என்ற ஸ்பானியர், சோளக் கொல்லைகளில் பறவை விரட்டுவதற்காகச் சிறுவர்கள் ஏறி நிற்கும் தட்டுக்கும் இந்தச் சொல்லே வழங்கியதாகக் குறிப்பிடுகிறார். அதே மாதிரியான தட்டில் மீனையும் இறைச்சியையும் பரப்பி, அடியில் மெல்லிய நெருப்பிட்டு, நெடுநேரம் புகையிலும் சூட்டிலும் வாட்டியெடுத்தார்கள். யானைக்குக் காவல் இருக்க வேளாண்மைக்காரர் ஏறிப் படுக்கும் தட்டுக்கு நம்மிடம் உள்ள பெயர் பரண். பார்பக்கோவாவைத் தமிழாக்கச் சொன்னால் 'பரண்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆக, பார்பிகியூ என்ற சொல்லின் தொடக்கம் பரணில் வைத்து மெதுவாக வாட்டுவதில் இருக்கிறது. பரல் அடுப்பில் நடப்பதோ தணலுக்கு நேர் மேலே வைத்து விரைவாகச் சுடுவது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இன்றும் இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் திருத்துவதற்கு ஆள் வரும். அங்கே பார்பிகியூ என்றால் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகும் இறைச்சி. ஆங்கிலேயர் பேச்சு வழியாகவும் உல்லாச விடுதிகள் வழியாகவும் இலங்கைக்கு வந்தபோது அந்த வேறுபாடு கழன்றுபோய், வெளியில் வைத்து நெருப்பில் சமைக்கும் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராகிவிட்டது. வீட்டு முற்றங்களிலும் கடற்கரைகளிலும் நிகழும் பெரும்பாலான தவறுகளுக்கு இந்தக் குழப்பமே காரணம் என்பது என் கணிப்பு. இரண்டும் வேறு வேறு வேலைகள். அவற்றுக்கு வேண்டிய நெருப்பும் நேரமும் இறைச்சியும் வேறு வேறு.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கருவாட்டைச் சுடுகிறோம், சோளப்பொத்தியைச் சுடுகிறோம், வாழையிலையை வாட்டுகிறோம், காட்டிறைச்சியைப் புகைபோட்டு வைத்ததாகப் பழைய ஆட்கள் சொல்கிறார்கள். சுடுதலில் தணல் பொருளைத் தொடும் அளவுக்கு நெருங்குகிறது. வாட்டுதலில் சூடு எட்ட நின்று ஈரத்தை இழுக்கிறது. புகைபோடுதலில் சூட்டைவிடப் புகையின் வேலை அதிகம். கம்பியில் கோத்துச் சுடுவதற்கும் பழஞ்சொல் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் வருகிற 'காழிற் சுட்ட' கொழுத்த இறைச்சியில், காழ் என்பது அந்தக் கம்பிதான். சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்றதாக அந்தப் பொருநன் சொல்வதைப் படிக்கும்போது, கடையில் பொறுமையின்றி முதற் துண்டை வாயில் போட்டவர்களுக்கு ஒரு துணை கிடைத்தது போலிருக்கும்.

வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போனால், வேளாண்மைக் காலத்தில் வயல் வாடிகளில் இரவு தங்குபவர்களைக் காணலாம். அப்படி ஒரு வாடியில், இளைஞன் ஒருவன் பற்றி எரிகிற விறகின் மேல் விரால் மீனைக் கம்பில் கோத்து நீட்டியபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தார். "பத்துற நெருப்பில வைக்காத மனே, தணலாகட்டும். மறுகா வை," என்றார். அவன் பசியோடு காத்திருந்தான். பெரியவர் வெற்றிலை மடித்தார். கிட்டத்தட்ட அரை மணி நேரம் கழிந்து, சாம்பல் மெல்லிய துணி போல மூடிய தணலைக் கோலால் பரப்பி, செதில் நீக்காத அந்த மீனை அதன் மேல் வைத்தார்கள். செதிலும் தோலும் கருகிக் கழன்று வர, உள்ளே வெள்ளைச் சதை நீர் வற்றாமல் வெந்திருந்தது.

'தணலாகட்டும்' என்பதில் இந்தக் கலையின் பாதி அடங்கிவிடுகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சூடேறியதும் ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறக்கூடிய பொருட்கள். சுவாலை என்று நாம் பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். அது முழுதாக எரிந்து முடியாத வரை கரிப்புகையும் தார்த் துளிகளும் கலந்தே வரும். குளிர்ந்த இறைச்சியில் பட்டதும் அவை படிந்து, கசப்பையும் கறுப்பையும் கொடுக்கும். வாயு தீர்ந்த பிறகு எஞ்சுவது பெரும்பாலும் காபன். அது சுவாலையின்றி, மேற்பரப்பில் மட்டும் காற்றோடு சேர்ந்து எரிந்து, சூட்டைக் கதிராக வீசுகிறது. சுவாலை காற்றுக்கு ஆடும், இங்கே ஒரு நொடி அங்கே ஒரு நொடி என்று தொடும். தணல் ஒரே சீராக வீசும், ஆகவே அதன் முன் இறைச்சியை வைத்துக் கணக்குப் பார்க்க முடியும்.

கதிர் வழியாக வரும் சூட்டுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. தணலின் தனிவெப்பநிலையின் (முழுப்பூச்சியத்திலிருந்து அளக்கும் வெப்பநிலையின்) நான்காம் அடுக்குக்கு ஏற்ப அது கூடுகிறது. அதனால்தான் அட்டையால் நான்கு வீச்சு வீசி, மங்கிய சிவப்பாக இருந்த தணல் செம்மஞ்சளாக மாறும்போது, கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைவிட முகத்தில் அடிக்கும் வெக்கை பன்மடங்கு கூடுகிறது. சாம்பல் படிந்தால் அதே தணல் அடங்குகிறது. தட்டிவிட்டால் மீண்டும் சீறுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் அடுப்பு வைப்பவர்கள், விசிறாமலே கரி வெறிபிடித்து எரிந்து தீர்வதைப் பார்த்திருப்பார்கள். அந்த நாட்களில் காற்று வரும் பக்கத்தில் தகரம் ஒன்றை மறைப்பாக நிறுத்துவது வெறும் வசதிக்காக அன்று. கரிக்குப் போகும் ஒட்சிசனை அளந்து கொடுக்கும் வழி அது.

வெப்பமானி இல்லாதவர்கள் உள்ளங்கையைக் கம்பி வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெதுவாக எண்ணிப் பார்க்கிறார்கள். இரண்டுக்கு மேல் எண்ண முடியாவிட்டால் அது மெல்லிய துண்டுகளுக்கும் கணவாய்க்கும் இறாலுக்கும் ஏற்ற கடுஞ்சூடு. ஐந்து வரை தாங்கினால் எலும்போடு கூடிய கோழிக்குப் பொருத்தம். எட்டுப் பத்து வரை எண்ண முடிந்தால் அங்கே சுடுதல் நடவாது, வாட்டுதல்தான் நடக்கும்.

எந்தக் கரி என்பது அடுத்த கேள்வி. கிழக்கில் கைக்கெட்டிய தூரத்தில் கிடைப்பது சிரட்டை. தென்னஞ்சிரட்டைக் கரி அடர்த்தியானது, சாம்பல் குறைவு, புகையும் மிகக் குறைவு, சூடு நின்று எரியும். ஆனால் கரியாக்காத பச்சைச் சிரட்டையை நேரே அடுப்பில் போட்டுவிட்டு அதன் மேலே இறைச்சியை வைப்பவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். சிரட்டை பற்றியதும் நீண்ட மஞ்சட் சுவாலையும் கறுப்புப் புகையும் கக்கும். கொடியில் காயும் துணியில் அந்தப் புகை படிந்தால் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை. சிரட்டையைத் தனியே ஒரு தகரத்தில் எரிய விட்டு, சுவாலை அடங்கிய பின் அடுப்புக்கு மாற்ற வேண்டும். தும்பும் பொச்சும் பற்றவைக்க மட்டும் நல்லவை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அதன் வாடை முழுதாக எரிந்து போகும் வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும், அது பெரும்பாலும் எவருக்கும் இருப்பதில்லை.

மரக்கரியில் பாலை, வீரை, முதிரை போன்ற வன்மரங்களின் கரிக்கு மதிப்பு அதிகம். அடர்த்தியான மரத்தின் கரி அதே அளவு இடத்தில் கூடுதல் காபனைக் கொண்டிருக்கிறது, நெடுநேரம் நிற்கிறது. முள்முருக்கு போன்ற மென்மரக் கரி விரைவாகப் பற்றி விரைவாகத் தீரும். கரி சுடுவதும் ஒரு தனித் தொழில்நுட்பம். விறகை நெருக்கி அடுக்கி, இலையும் மண்ணும் இட்டு மூடி, காற்றைக் கிட்டத்தட்ட முழுதாக மறுத்து, உள்ளேயே வெதும்ப விடுகிறார்கள். முதலில் வரும் தடித்த வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. பிறகு மஞ்சளும் சாம்பலும் கலந்த, மூக்கைக் குத்தும் புகை. அது மெலிந்து நீல நிறமாகியதும் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட வேண்டும். தாமதித்தால் கரியே எரிந்து சாம்பலாகும். விறகின் எடையில் கால் பங்கு கரியாகக் கிடைத்தால் நல்ல வேலை.

களப்போரத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கண்டல் காடுகளோடு சேர்ந்து வளரும் தில்லையின் பால் தோலைக் கொப்பளிக்கச் செய்யும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்; அதன் விறகுப் புகையும் கண்ணுக்கு ஆகாது. அலரிக் கம்பைக் கோத்துச் சுடும் கம்பாகப் பயன்படுத்துவதும் கூடாது, அந்த மரம் முழுதும் நஞ்சு. கண்டல் விறகு கரிக்கு மிகச் சிறந்தது என்று பழையவர்கள் சொல்வது உண்மைதான் என்றாலும், 2015இல் நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக இலங்கை அறிவித்த பின்னர் அந்தப் பேச்சுக்கு வேலையில்லை. களப்பு மீனுக்கும் இறாலுக்கும் அந்த வேர்களே நாற்றங்கால் என்பதால், கண்டலை வெட்டி இறால் சுடுபவர் அடுத்த ஆண்டின் இறாலையும் சேர்த்தே சுடுகிறார்.

இனி இறைச்சி. வெளிநாட்டு சமையல் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு, இரண்டு அங்குலத் தடிப்பில் மாட்டிறைச்சி வெட்டி வாங்கி வந்து தணலில் வைத்து, பிறகு மெல்ல முடியாமல் போனவர்களை நான் அறிவேன். குறை அவர்களுடைய கையில் இல்லை. அந்த நிகழ்ச்சிகளில் வருவது தானியம் தின்று, அதிகம் நடக்காமல், இளம் வயதில் அறுக்கப்பட்ட விலங்கு. மாதவணை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சற் தரைகளில் வெயிலிலும் மழையிலும் மைல் கணக்காக நடந்து மேயும் பட்டி மாட்டின் தசையோ வேறு. தசை நார்களைச் சுற்றியும் அவற்றை எலும்போடு பிணைத்தும் நிற்கும் கொலாஜன் என்ற புரதம், வயது ஏற ஏற உறுதியான பிணைப்புகளைப் பெறுகிறது. உழைத்த தசையில் அது கூடுதலாகவும் இருக்கிறது.

சூடேறும்போது இறைச்சிக்குள் நடப்பது ஒரு போட்டி. ஏறக்குறைய 50 பாகை செல்சியசில் மயோசின் என்ற தசைப் புரதம் உருக்குலைந்து இறுகத் தொடங்குகிறது. 66 பாகையைத் தாண்டும்போது அக்டினும் இறுகி, தசை சுருங்கி, சாறு பிழிந்து வெளியேறுகிறது. இந்தப் பக்கம் இறைச்சி கடினமாகிறது. மறு பக்கம், 60 பாகைக்கு மேல் மெதுவாகவும் 75, 80 பாகையில் ஓரளவு வேகமாகவும் கொலாஜன் கரைந்து ஜெலற்றின் ஆகிறது. அதனால் இறைச்சி மென்மையாகிறது. ஆனால் அதற்குப் பல மணி நேரம் வேண்டும். விரைவாகச் சுடுபவருக்கு முதலாவது மட்டும் நடக்கிறது, இரண்டாவதற்கு நேரமில்லை. பட்டி மாட்டின் தொடைச் சதையையும் பழுத்த ஊர்க்கோழியையும் தணலில் நேரே சுட்டு மென்மையாக்க எவராலும் முடியாது. நமது சமையலில் இவை சட்டியில் நெடுநேரம் வெந்து கறியானதற்குக் காரணம் வழக்கம் மட்டும் அன்று.

அப்படியிருந்தும் சுடத்தான் வேண்டும் என்றால், வழிகள் சில உள்ளன. நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லியதாக வெட்டுவது முதலாவது. நீண்ட நாரைப் பல் அறுக்க வேண்டியிருக்காது. ஈரல், முதுகெலும்பின் உட்பக்கத் தசை போன்ற மென்மையான பகுதிகளைத் தேர்ந்தெடுப்பதும் உதவும். மூன்றாவது, பப்பாசிக்காய். காயின் பாலில் உள்ள பப்பேன் என்ற நொதியம் புரதத்தை அறுக்கிறது. ஊறும்போது அது செய்யும் வேலை கொஞ்சம்தான். இறைச்சி 60, 70 பாகையை எட்டும்போது அதன் வேகம் உச்சத்துக்குப் போகிறது, அதற்கு மேல் அது தானும் சிதைந்துவிடுகிறது. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேல் அது ஊடுருவாது என்பதால், தடித்த துண்டைப் பப்பாசியில் இரவு முழுதும் ஊற வைத்தால் வெளியே களியும் உள்ளே பழைய கடினமுமாக ஒரு பொருள் கிடைக்கும். மெல்லிய துண்டுக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

தயிர் இதைவிட நிதானமானது. படுவான்கரை எருமைத் தயிர் தடிப்பாக இருப்பதால் மசாலாவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதன் புளிப்பு மேற்பரப்பை மெதுவாக இளக்குகிறது, அதிலுள்ள கொழுப்பும் பாற்புரதமும் தணலில் அழகாகச் சிவக்கின்றன. தேசிக்காய்ப்புளியை மட்டும் சுடுவதற்குச் சற்று முன் தேய்ப்பதே நல்லது. மணிக்கணக்கில் விட்டால் அமிலத்திலேயே புரதம் வெந்து மாவாகிவிடும். உப்பைப் பற்றிச் சமையற்காரர்கள் சண்டையிட்டுக்கொள்வார்கள். முன்கூட்டியே, அரை நாளாவது, உப்பிட்டு வைத்தால் அது உள்ளே பரவி, தசைப் புரதங்கள் நீரைப் பிடித்து வைக்கும் திறனைக் கூட்டுகிறது. சுடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் இட்ட உப்போ நீரை வெளியே இழுத்து மேற்பரப்பை நனைத்துவிட்டு நிற்கும், அந்த ஈரம் ஆவியாகும் வரை எதுவும் சிவக்காது.

சிவப்பதே சுட்ட இறைச்சியின் உயிர். புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப் பொருட்களை உண்டாக்கும் தாக்கத்தை 1912இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மையாரின் பெயரால் இன்று அழைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடக்க மேற்பரப்பு 140 பாகை அளவுக்குப் போக வேண்டும். நீர் இருக்கும் வரை மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. ஆகவேதான் அவித்த இறைச்சிக்கு அந்த மணம் இல்லை. ஆனால் சர்க்கரை அதிகமானால் மையார் தாக்கத்தைக் கடந்து கருகலுக்குப் போய்விடும். போத்தலில் வரும் பார்பிகியூ சோஸில் சர்க்கரை நிறைய உண்டு. அதை முதலிலேயே பூசுபவர்கள் பதினைந்து நிமிடத்தில் கரிக்கட்டையைத் தின்ன நேரிடும். மிளகாய்த்தூளும் அப்படித்தான், விரைவில் கசக்கும். செத்தல் மிளகாயை ஊற வைத்து அரைத்த கூட்டு, உலர்ந்த தூளைவிடத் தணலைத் தாங்குகிறது.

ஒரு வருடம் கல்லடிக் கடற்கரையில் உறவினர்கள் பதினைந்து பேருக்கு நான் கோழிக் கால்கள் சுட முன்வந்தேன். சோஸ் பூசி, பற்றி எரியும் கரியில், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்தேன். பத்து நிமிடத்தில் நிறம் அருமையாக வந்தது. மச்சான் ஒரு காலை எடுத்துக் கடித்தார், எலும்போரம் இரத்தம் கசிந்தது. ஒன்றும் சொல்லாமல் அதைக் கொண்டுபோய்த் திரும்பவும் வலையில் வைத்துவிட்டு, கரியை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளினார். "இந்தப் பக்கம் நிறம் எடு, அந்தப் பக்கம் வேக விடு," என்றார். பரலின் ஒரு பாதியில் தணல், மறு பாதி வெறுமை. மேலே ஒரு பெரிய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து மூடினார். கதிரில் சுடுவதும் மேற்காவுகையில், அதாவது சூடான காற்றின் சுழற்சியில், வேக வைப்பதும் ஒரே அடுப்பில் அடுத்தடுத்து நடந்தன. நாற்பது நிமிடம் சென்றது, பிள்ளைகள் மணலில் படுத்து உறங்கத் தொடங்கியிருந்தார்கள், ஆனால் கால்கள் வெந்திருந்தன. கோழிக்கு எலும்போரம் 74 பாகை எட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. சல்மொனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சூட்டில் தப்புவதில்லை. வெப்பமானி இல்லையென்றால் தொடைக்கும் காலுக்கும் இடையிலுள்ள மூட்டில் கத்தியைச் செருகி, வரும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முழுதாக நம்பத்தக்கதல்ல, என்றாலும் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட மேல்.

மச்சான் செய்தது, பரண் முறையை நோக்கி ஓரடி எடுத்து வைத்ததுதான். முழுமையான பரண் முறை இந்த மாவட்டங்களின் காடுகளுக்குப் புதியதன்று. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகங்களும், அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயாப் பகுதியில் பொல்லெபெத்த வேடர் கிராமமும் இன்றும் உள்ளன. வேட்டையில் கிடைத்த பெரிய விலங்கை ஒரே நாளில் தின்று முடிக்க இயலாது என்ற நிலையில், கீறிய இறைச்சியை நெருப்புக்கு மேலே தட்டில் பரப்பி உலர்த்துவதே சேமிப்பு. கண்டி இராச்சியத்தில் பல ஆண்டுகள் கைதியாக இருந்து, 1681இல் தன் அனுபவங்களை நூலாக வெளியிட்ட ரொபட் நொக்ஸ், வேடர் பொந்துள்ள மரத்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை நிறைத்து, களிமண்ணால் அடைத்து வைத்ததை எழுதியிருக்கிறார். தேனும் புகையும் உலர்த்தலும் வேறு வேறாகத் தெரிந்தாலும் வேலை ஒன்றே: கிருமிக்கு வேண்டிய ஈரத்தைப் பறிப்பது.

புகை அதற்கு மேலும் செய்கிறது. மரத்திலுள்ள இலிக்னின் சூட்டில் உடையும்போது குவாயகோல், சிரிங்கோல் முதலான பீனோல் வகைப் பொருட்கள் உண்டாகின்றன. புகைத்த இறைச்சிக்கென்று நாம் அடையாளம் காணும் மணம் பெரும்பாலும் அவற்றினுடையது. அவை கிருமிகளைத் தடுக்கின்றன, கொழுப்புக் காறுவதையும் தாமதப்படுத்துகின்றன. நமது சமையலறையில் இதற்கு மிகப் பழக்கமான சாட்சி மாசி. அவித்து, புகைத்து, வெயிலில் காய வைத்துக் கட்டை போலாக்கிய மீன். சம்பலில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், அந்தப் புகை மணம் எழும்பும். இறைச்சிக்கு இதே வேலையைச் செய்வது காட்டில் வழக்கமாக இருந்தது, ஊரில் மங்கிப்போனது. மானையும் மரையையும் வேட்டையாடுவதோ விற்பதோ சட்டப்படி குற்றம், அந்தச் சட்டத்தின் தொடக்கம் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆகவே வேட்டையிறைச்சியோடு கட்டுண்டிருந்த நுட்பமும் பேச்சளவில் ஒதுங்கிவிட்டது. ஆனால் அந்த நுட்பத்தை ஆட்டுத் தொடைக்கும் மாட்டு நெஞ்சுக்கும் பொருத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. பட்டி மாட்டின் கடின இறைச்சிக்கு உரிய நெருப்பு அதுவே என்று மேலே சொன்ன கணக்கு காட்டுகிறது.

இன்றைய கடைத்தெருப் பரலுக்கோ வேறொரு வரலாறு. 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குப் போனவர்களில் கிழக்கு மாகாணத்தவர் ஏராளம். அவர்கள் திரும்பி வரும்போது பெட்டிகளோடு நாக்கின் நினைவையும் கொண்டு வந்தார்கள். உணவுப் பட்டியல்களில் காணும் 'அல்பஹாம்' என்பதில் பஹ்ம் என்றால் அரபியில் கரி என்றே பொருள். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. தோலோடு பிளந்து விரித்த கோழி, மசாலா, கரி. விரைவாக வளர்க்கப்பட்ட புறொய்லர் கோழிக்கு இது மிகப் பொருத்தமாக அமைந்தது: ஆறேழு வாரத்துக் கோழியில் கொலாஜன் இன்னும் முற்றவில்லை, ஆகவே நேர் தணலிலும் அது மென்மையாகவே வேகிறது. விரித்து வைப்பதால் தடிப்புக் குறைந்து, வெளியும் உள்ளும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிகின்றன. ஊர்க்கோழியை அதே பரலில் வைத்தால் கடைக்காரருக்குப் பெயர் கெடும். புறொய்லரை ருசியில்லாதது என்று பழிப்பவர்கள்கூட (நானும் அவர்களில் ஒருவன்) இந்த ஒரு இடத்தில் அதற்கு மதிப்புக் கொடுத்தாக வேண்டும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் தமிழ் ஊர்களில் மீனும் இறைச்சியும் அடுப்பேறுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளை அண்டிய நாட்களில் முஸ்லிம் ஊர்களில் குர்பான் இறைச்சி வீடு வீடாகப் போகும். பெருநாள் கழிந்த மாலைகளில் இளைஞர்கள் முற்றத்தில் செங்கல் இரண்டை வைத்துக் கம்பி வலை போடும்போது, அன்றைய இறைச்சி அன்றே அறுத்தது என்பதைக் கவனத்தில் கொள்வது நல்லது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்து, இறைச்சி மிகக் கடினமாக இருக்கும். ஆட்டிறைச்சியை ஓரிரு நாள் குளிரூட்டியில் வைத்துவிட்டுச் சுட்டால், தசையிலுள்ள நொதியங்கள் பாதி வேலையை இலவசமாக முடித்திருக்கும்.

உடல்நலம் பற்றிய கேள்விக்கு இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் நடக்கிறது. கொழுப்புத் தணலில் சொட்டி எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற பல்வளைய ஐதரோகாபன்கள் உண்டு. கடுஞ்சூட்டில் தசை கருகும்போது வேறு வகைக் கேடான பொருட்களும் உண்டாகின்றன. 2015 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலும், சிவப்பு இறைச்சியைப் பெரும்பாலும் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. புகைத்துச் சேமித்த இறைச்சி முதல் வகையில் அடங்கும். இதற்காகப் பெருநாள் இறைச்சியைக் கைவிடுமாறு எவரும் சொல்லப் போவதில்லை. சுவாலை தொடாமல் பார்த்துக்கொள்வது, கொழுப்பு நேரே தணலில் சொட்டாதபடி கரியை ஒதுக்குவது, அடிக்கடி புரட்டுவது, கருகிய ஓரத்தை வெட்டி எறிவது ஆகியவை அந்தப் பொருட்களைக் கணிசமாகக் குறைக்கின்றன. பார்க்கப்போனால் இவை எல்லாம் ருசிக்காகவும் செய்ய வேண்டியவையே.

உடனடி ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மாரி மழையில் வெளியே சுட முடியாமல் அடுப்பை அறைக்குள்ளோ மூடிய கராஜுக்குள்ளோ கொண்டுபோவது உயிரைப் பறிக்கும். புகையே வராத நல்ல கரியிலிருந்து மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு வெளியாகிறது. தலை கனத்து உறக்கம் வருவதாக மட்டும் தோன்றும், எழுந்திருக்க முடியாது. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் நகரத்து வீடுகளிலும் மாடி வீடுகளிலும் கரியடுப்பு திடீரென நுழைந்தபோது, புகை இல்லை என்பதையே பலர் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். விறகடுப்பின் புகை குறைந்தபட்சம் கண்ணை எரித்து ஆளை வெளியே துரத்தும்.

சுட்டு முடிந்த பின்னும் தணல் இரண்டு மூன்று மணி நேரம் உயிரோடு கிடக்கும். வயல் வாடியில் அதை வீணாக்குவதில்லை; வத்தாளங்கிழங்கை மண்ணோடு சாம்பலில் புதைத்துவிட்டுப் பரணேறினால், இரண்டாம் சாமக் காவலுக்கு இறங்கி வருபவருக்கு அது தயாராக இருக்கும். கடற்கரையில் சுடுபவர்கள் எஞ்சிய தணலை மணலால் மூடிவிட்டுப் போவதுதான் தொல்லை. மணல் காற்றை முழுதாகத் தடுப்பதில்லை, சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே பார்த்தால் குளிர்ந்த மணல், உள்ளே சிவந்த கரி. விடியற்காலையில் வெறுங்காலோடு வலை இழுக்க வரும் கரைவலைக்காரர் அதன் மேல் மிதிக்கிறார். இரண்டு வாளி கடல்நீரை ஊற்றி, கோலால் கிளறி, திரும்பவும் ஒரு வாளி ஊற்றினால் ஆவி அடங்கும். அணைந்த கரியைக் காய வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். ஆனால் கடல்நீர் பட்ட கரி உப்பால் வெடித்துத் தெறிக்கும் என்பதால், திரும்ப எடுக்க நினைப்பவர்கள் நன்னீரையே கொண்டுபோக வேண்டும்.